மாண்டரின் மீன்: இரையிலிருந்து தொடங்கும் முழுமையான வளர்ப்பு வழிகாட்டி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசையோடு வாங்கி, பிறகு காரணம் புரியாமலே இழந்துவிடும் மீன்களில் மாண்டரின் மீனுக்கு முதலிடம் கொடுக்கலாம். நீலமும் பச்சையும் ஆரஞ்சும் வளைந்து நெளிந்து ஓடும் அதன் உடலைப் பார்த்தவர்கள், அது என்ன தின்னும் என்று கேட்பதற்கு முன்பே பையில் போடச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டுத் தொட்டியில் இந்த மீன் நோயாலோ கெட்டுப்போன நீராலோ இறப்பது குறைவு. பெரும்பாலும் அது பட்டினியால்தான் இறக்கிறது. அம்மோனியா சுழியமாக இருக்கும், வெப்பநிலை சரியாக இருக்கும், மற்ற மீன்கள் கொழுத்துத் திரியும். அதே நீரில் மாண்டரின் மட்டும் வாரக்கணக்கில் மெலிந்துகொண்டே போகும். “மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று இறந்துவிட்டது” என்று சொல்லப்படும் மீன்களில் பல, வந்த முதல் வாரத்திலிருந்தே உடலில் இருந்த சேமிப்பைச் செலவழித்து வந்தவை.

எனவே இந்த மீனை வளர்க்க விரும்புகிறவர் முதலில் வளர்க்க வேண்டியது மீனை அல்ல, அதன் இரையை. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. மீனைக் கடையில் தேர்ந்தெடுப்பதே ஆறாவது படியில்தான் வருகிறது. ஓராண்டுக் காலம் பொறுத்திருக்க மனம் இல்லாதவர்கள் கோமாளி மீன் வளர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

மீனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

சின்கைரோபஸ் ஸ்ப்லெண்டிடஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட இந்த மீனை, பிலிப்பைன்ஸ் கடலில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஆல்பர்ட் ஹெர்ரே 1927-இல் விவரித்தார். ஜப்பானின் ரியூக்யூ தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பலாவ் வழியாக ஆஸ்திரேலியா வரை மேற்குப் பசிபிக் கடலில் இது வாழ்கிறது. நம் வங்கக் கடலில் இது கிடையாது. இங்கே விற்பனைக்கு வருபவை இறக்குமதி செய்யப்பட்டவையே. ஏழு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வளராத இம்மீன், அலை அதிகம் தாக்காத காயல்களிலும் கரையோரப் பவளத்திட்டுகளிலும், உடைந்த பவளத் துண்டுகளின் இடுக்குகளில், பெரும்பாலும் 18 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் திரிகிறது.

அதன் உடலமைப்பில் வளர்ப்பவருக்கு நேரடியாகப் பயன்படும் செய்திகள் சில உண்டு. இதற்குச் செதில்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகத் தடித்த, கசப்பும் நாற்றமும் உடைய வழவழப்பான சளிப்படலம் உடலை மூடியிருக்கிறது. அந்தப் படலம் ஒட்டுண்ணிகளிடமிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது என்றாலும், செதில் இல்லாத உடல் தாமிரம் கலந்த மருந்துகளைத் தாங்காது. செவுள் மூடியின் முன்பகுதியில் கூரிய முள் ஒன்று இருப்பதால் வலையில் பிடித்தால் சிக்கிக்கொண்டு காயப்படும். ஆகவே இதை எப்போதும் கிண்ணத்திலோ குவளையிலோ நீரோடு சேர்த்தே எடுக்க வேண்டும். வாய் மிகச் சிறியது, முன்னோக்கி நீளக்கூடியது. அந்த வாயால் பகல் முழுவதும் பாறைப் பரப்பை உற்றுப் பார்த்து, ஒரு கணம் தயங்கி, ஒன்றைக் கொத்தி, அடுத்த இடத்துக்கு நகர்கிறது. அது கொத்துவது பாசியை அல்ல, அழுக்கை அல்ல. கோப்பிபாட் எனப்படும், கண்ணுக்கு வெண்புள்ளி போலத் தெரியும் மிகச் சிறிய ஓட்டுடலிகளையும் அவற்றை ஒத்த சிற்றுயிர்களையும்தான். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லி இதை விற்பவரிடம் எதையுமே வாங்காமல் இருப்பது நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலான மீன்களின் நீலம் ஒளி சிதறுவதால் தோன்றுவது; மாண்டரினிலும் அதன் நெருங்கிய உறவான புள்ளி மாண்டரினிலும் உண்மையான நீல நிறமி கொண்ட உயிரணுக்கள் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இது வியப்புக்குரியது, ஆனால் வளர்ப்புக்கு ஒரு எச்சரிக்கையும்கூட: மெலிந்து சாகப்போகும் மாண்டரினும் பளிச்சென்றே தெரியும். நிறத்தைக் கொண்டு இதன் நலத்தை அளவிட முடியாது.

முதல் படி: தொட்டியும் நீரும்

கடலில் பிடிக்கப்பட்ட ஒரு மாண்டரினுக்குக் குறைந்தது 200 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி வேண்டும். 300 லிட்டர் இருந்தால் நல்லது. மீன் நீந்துவதற்கு இவ்வளவு இடம் தேவையில்லை. இரை பெருகுவதற்கான பாறைப் பரப்பு தேவை என்பதால்தான் இந்த அளவு. உறைந்த உணவைத் தின்னப் பழகிய பண்ணை மீனாக இருந்தால் 100 லிட்டர் தொட்டியிலும் சமாளிக்கலாம், ஆனால் அதில் தவறுக்கு இடமே இருக்காது.

வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், நீரின் உப்புச் செறிவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, பி.எச். 8.1 முதல் 8.4 வரை, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்பவை இலக்குகள். நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் போதும். அதைச் சுழியமாக்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், ஏனெனில் ஊட்டமே இல்லாத நீரில் நுண்பாசியும் வளராது, அதைத் தின்னும் கோப்பிபாட்டும் பெருகாது. உப்புக் கலவையை, ஆர்.ஓ. வடிகட்டியையும் எஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. வடிகட்டியையும் கடந்து, கரைந்த பொருள்களின் அளவான டி.டி.எஸ். சுழியம் காட்டும் நீரில்தான் கரைக்க வேண்டும்; ஆழ்துளைக் கிணற்று நீரோ குழாய் நீரோ உதவாது. கடல் அருகில் இருக்கிறதே என்று கரையிலிருந்து நீர் மொண்டு வருவோரும் உண்டு. கூவமும் அடையாறும் கலக்கும் சென்னைக் கரையில் அதைச் செய்வது வீண் ஆபத்து.

தமிழ்நாட்டில் இந்தத் தொட்டிக்கு மிகப் பெரிய எதிரி கோடைக்காலம். சித்திரை, வைகாசியில் மூடிய அறையில் தொட்டி நீர் எளிதாக 31, 32 டிகிரியைத் தொட்டுவிடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும், மீனின் பசியும் ஆற்றல் செலவும் கூடும், ஏற்கெனவே இரைத் தட்டுப்பாட்டில் இருக்கும் மீனுக்கு அது இரட்டைச் சுமையாகும். நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்தால் உள்மாவட்டங்களில் ஓரிரண்டு டிகிரி குறையும். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அதுவும் முழுமையாகக் கிடைக்காது. சில்லர் எனப்படும் நீர்க்குளிரூட்டி வாங்கப் பணம் ஒதுக்காமல் இந்த மீனைத் திட்டமிட வேண்டாம். விசிறி வைத்தால் நீர் ஆவியாவது கூடி உப்பின் செறிவு ஏறும் என்பதால், ஆவியான அளவுக்கு நன்னீரை நாள்தோறும் ஊற்றவோ தானியங்கி நிரப்பியை வைக்கவோ வேண்டும். மின்தடைக்கு இன்வெர்ட்டரும், அதுவும் கைவிட்டால் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பும் தயாராக இருக்கட்டும்.

அலை உருவாக்கும் பம்புகளைத் தொட்டியின் மேற்பகுதியில் வைத்து, அடியில் அமைதியான மூலைகள் இருக்குமாறு செய்ய வேண்டும். பம்பு உறிஞ்சும் வாய்களுக்கெல்லாம் நுரைப்பஞ்சோ வலையோ கட்டாயம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுண்மணல் பரப்பலாம். மேலே வலை மூடி போடவும். அடியிலேயே திரியும் மீன் என்றாலும் அச்சமுற்றால் துள்ளும்.

இரண்டாம் படி: பாறையும் சட்டமும்

கோப்பிபாட் வாழ்வது பாறையின் துளைகளில்தான் என்பதால் வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் லைவ் ராக்கை, அதாவது சிற்றுயிர்கள் குடியேறிய பவளப்பாறைத் துண்டுகளை, அள்ளிப் போடச் சொல்லும். இந்தியாவில் அதை அப்படியே பின்பற்ற முடியாது. பவளப்பாறைகளை உருவாக்கும் பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியக் கடற்பூங்காவின் தீவுகளைச் சுற்றிப் பவளம் எடுப்பதும், எடுத்ததை வாங்குவதும் குற்றம். ராமேஸ்வரம் பக்கத்துப் பாறை என்று சொல்லி யாராவது கொடுத்தால் வாங்கக் கூடாது. உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் செயற்கைச் செராமிக் பாறை, துளைகள் மிகுந்த வளர்ப்புப் பாறை ஆகியவற்றைக் கொண்டே நல்ல தொட்டி அமைக்கலாம். அவற்றில் உயிர் குடியேறச் சில மாதங்கள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். பவளமே இல்லாமல், கடற்பாசிகள் அடர்ந்து வளர்ந்த தொட்டியில் மாண்டரின் மிக நன்றாக வாழ்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பாறைகளைச் சுவர்போல நெருக்கி அடுக்காமல், இடையில் குகைகளும் இடுக்குகளும் வருமாறு தளர்வாக அமைக்கவும். ஒரு மூலையில் விரல் பருமனுள்ள உடைகற்களைக் குவியலாகப் போட்டு வைப்பது மிகவும் பயன்தரும். அதற்குள் மீனின் வாய் எட்டாது. கோப்பிபாட்டுகள் அங்கே தடையின்றிப் பெருகி வெளியே வந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் படி: ரெஃப்யூஜியம்

மீன்களே இல்லாத, இரை உயிர்கள் மட்டும் பெருகுவதற்கான தனி அறைதான் ரெஃப்யூஜியம். தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் வடிகட்டும் துணைத்தொட்டி இருந்தால் அதில் ஒரு பகுதியைத் தடுத்து இதை அமைக்கலாம். இல்லையென்றால் பின்புறம் தொங்கவிடும் பெட்டி வடிவில் அமைக்கலாம். முதன்மைத் தொட்டியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால் நல்லது. இதற்குள் நூல்கண்டு போலச் சுருண்டு வளரும் கீட்டோமார்ஃபா பாசியும் கொஞ்சம் உடைகல்லும் போதும். முதன்மைத் தொட்டியில் விளக்கு அணைந்திருக்கும் இரவில் இங்கே விளக்கை எரியவிட்டால், இரவில் பி.எச். சரிவதும் குறையும். நீர் மெதுவாக ஓடினால் போதும்.

சம்பில் உள்ள வடிகட்டிப் பைகள் கோப்பிபாட்டுகளையும் சேர்த்துப் பிடித்துவிடும். மாண்டரின் தொட்டியில் அவற்றை எப்போதும் போட்டுவைக்க வேண்டாம். புற ஊதா விளக்கையும் தேவைக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும். நுரையோடு கழிவை நீக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரால் பெரிய இழப்பில்லை, ஏனெனில் நமக்கு வேண்டியவை பாறையில் ஊர்பவை, நீரில் மிதப்பவை அல்ல.

நான்காம் படி: கோப்பிபாட் வளர்ப்பு

முழு முயற்சியின் வெற்றியும் தோல்வியும் இங்கே முடிவாகின்றன. தொட்டியின் நைட்ரஜன் சுழற்சி, அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெறுவது, நான்கு முதல் ஆறு வாரங்களில் முடிந்துவிடும். அது முடிந்ததும் தொட்டி தயார் என்று எண்ணுவதுதான் பொதுவான பிழை. நீர் தயாராவது வேறு, இரை தயாராவது வேறு. பாறை முழுவதும் கோப்பிபாட்டுகள் குடியேறி, பிறப்பும் இறப்பும் ஒரு சமநிலைக்கு வர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும்.

வளர்ப்பாளர்கள் பயன்படுத்தும் இனங்களில் இரண்டு முக்கியம். டிஸ்பே என்பது சிறியது, பாறை இடுக்குகளில் ஊர்ந்து வாழ்வது, வெதுவெதுப்பான நீரில் விரைவாகப் பெருகுவது. தொட்டிக்குள் நிரந்தரமாகக் குடியேற வேண்டியது இதுவே. டிக்ரியோபஸ் என்பது அமெரிக்காவின் பசிபிக் கரையில் பாறைக்குழி நீரில் வாழும் இனம். சற்றுப் பெரியது, சிவந்த நிறமுடையது, துள்ளி நீந்துவதால் மீனின் கண்ணை உடனே ஈர்ப்பது. அதைத் தனிக் கலத்தில் வளர்த்து அவ்வப்போது தீனியாகக் கொடுக்கலாம். தொட்டிக்குள் விட்டால் சீக்கிரமே தின்று தீர்க்கப்பட்டுவிடும்.

வீட்டில் வளர்க்கும் முறை எளிது, ஆனால் ஒழுங்கு வேண்டும். பத்து முதல் இருபது லிட்டர் கொள்ளும் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் 1.020 முதல் 1.025 வரை ஒப்படர்த்தியுள்ள புதிய உப்புநீரை ஊற்றி, காற்றுக்கல் பொருத்தாத வெறும் குழாய் வழியாக நொடிக்கு ஓரிரண்டு குமிழிகள் வருமாறு காற்று விடவும். கோப்பிபாட் புட்டியை அதில் கவிழ்த்து, நீர் இளம்பச்சையாக மாறும் அளவுக்கு உயிருள்ள நுண்பாசிக் கரைசலைச் சேர்க்கவும். நீர் தெளிந்துவிட்டால் அவை தின்று முடித்துவிட்டன என்று பொருள். அப்போது மீண்டும் பச்சையாக்கவும். கரும்பச்சையாகும்வரை ஊற்றினால் இரவில் உயிர்வளி குறைந்து மொத்தமும் மடியும். நான்னோகுளோரோப்சிஸ் என்னும் நுண்பாசி ஒன்றையே நம்பாமல் ஐசோகிரைசிஸ் என்னும் நுண்பாசியையும் கலந்து கொடுப்பது நல்லது, ஏனெனில் முன்னதில் குறைவாக உள்ள டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் பின்னதில் மிகுதி. கோப்பிபாட் எதைத் தின்றதோ அதுதான் மீனுக்கும் போய்ச் சேரும்.

முட்டையிலிருந்து வெளிவந்த இளம் உயிரி, நாப்ளியஸ் எனப்படும் இளம்பருவ நிலையில் ஆறு கட்டங்களையும் அதற்குப் பிந்தைய கட்டங்களையும் கடந்து முதிர்கிறது. டிஸ்பேவுக்கு இதற்குச் சுமார் இரண்டு வாரங்கள் போதும். மூன்று நான்கு வாரங்களில் வாளியின் சுவரெங்கும் புள்ளிகள் ஊர்வது தெரியும். அதன் பிறகு 53 மைக்ரான் சல்லடையில் வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை வடித்து அறுவடை செய்து, அந்த அளவுக்குப் புதிய உப்புநீரை ஊற்றவும். குறைந்தது இரண்டு வாளிகளை ஒன்றுக்கொன்று தொலைவில் வைத்துத் தனித்தனிக் கருவிகளோடு பராமரிக்கவும். ஒன்றில் ரோட்டிஃபர் என்னும் வேறொரு நுண்ணுயிரி புகுந்து ஆக்கிரமித்தாலோ மடிந்தாலோ மற்றது இருக்கும்.

தொட்டியில் விடும்போது விளக்கை அணைத்து, பம்புகளை ஒரு மணிநேரம் நிறுத்தி, ஒரு குழாய் வழியாகப் பாறை இடுக்குகளிலும் உடைகல் குவியலிலும் ரெஃப்யூஜியத்திலும் விடவும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்துவந்தால், மூன்று நான்கு மாதங்களில் தொட்டியின் நிலையைச் சோதிக்கலாம். விளக்கு அணைந்து இரண்டு மணிநேரம் கழித்து டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவு பரப்பில் பத்துப் பதினைந்து புள்ளிகளாவது ஓடவில்லை என்றால் மீன் வாங்கும் நாள் இன்னும் வரவில்லை. மீன் வந்த பிறகும் வளர்ப்பு வாளியைக் கைவிட முடியாது.

ஐந்தாம் படி: உடன் வாழும் மீன்கள்

மாண்டரினை யாரும் அடிப்பதில்லை. அதன் உணவைப் பறித்துக்கொள்கிறார்கள். ஆறுகோட்டு ராஸ் முதலான சிறிய ராஸ் இனங்கள் அதே கோப்பிபாட்டுகளை அதைவிடப் பலமடங்கு விரைவாகத் தின்பவை. அவை இருக்கும் தொட்டியில் மாண்டரினைச் சேர்க்கக் கூடாது. ஸ்கூட்டர் பிளென்னி என்ற பெயரில் விற்கப்படும் மீன் உண்மையில் இதே குடும்பத்தைச் சேர்ந்தது, இதே இரையை நம்பியிருப்பது. ஒரு தொட்டியில் இரண்டும் இருந்தால் இரண்டும் அரைப் பட்டினி. கடற்குதிரையோடு சேர்த்து வளர்க்கலாம் என்ற யோசனை வெளிநாட்டு நூல்களில் காணப்படும். கடற்குதிரையும் இந்தியாவில் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளதால் அந்த வழி நமக்கு இல்லை. விரிப்புப் போலப் பரந்திருக்கும் கடற்சாமந்திகள் மெதுவாக நகரும் மாண்டரினைப் பிடித்துத் தின்றுவிடும். கோமாளி மீன்கள், கோபிகள், கார்டினல் மீன்கள் ஆகியவை தீங்கற்றவை.

ஆறாம் படி: மீனைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு வகை மீன்கள் கிடைக்கின்றன: கடலில் பிடிக்கப்பட்டவை, பண்ணையில் பிறந்தவை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஓ.ஆர்.ஏ. பண்ணையும், பலாவில் தொடங்கப்பட்ட பயோட்டாவும் பண்ணை மாண்டரின்களை விற்பனைக்குக் கொண்டுவந்தவை. அத்தகைய மீன் சிறியதாகவும் விலை கூடியதாகவும் இருக்கும். ஆனால் உறைந்த உணவையும் சில வேளை குருணைத் தீனியையும் தின்னப் பழகியிருக்கும். கிடைக்குமானால் கேள்வியே இல்லாமல் அதையே வாங்க வேண்டும். சென்னை கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் காணப்படுவது பெரும்பாலும் முதல் வகைதான் என்பதால், அதைச் சோதிக்கும் முறையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பக்கவாட்டில் பார்ப்பது போதாது. மேலிருந்தும் முன்னிருந்தும் பார்க்க வேண்டும். வயிறு மெல்ல உருண்டிருக்க வேண்டும். உள்வாங்கி மடிந்திருக்கக் கூடாது. தலைக்குப் பின்னால் முதுகுத்தசை தடிப்பாக இருக்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்து, முதுகு விளிம்பு கத்திபோலத் தெரிந்தால் அந்த மீன் தன் தசையையே எரித்துக்கொண்டிருக்கிறது. அத்தகைய மீன் நல்ல தொட்டிக்கு வந்தாலும் மீள்வது அரிது. இரக்கப்பட்டு வாங்கினால் கடைக்காரர் இன்னொன்றைத் தருவிப்பார் என்பதையும் நினைவில் கொள்ளவும். நலமான மீன் ஓரிடத்தில் கிடக்காது. வெறும் கண்ணாடியில்கூட எதையோ தேடிக் கொத்திக்கொண்டிருக்கும். பாறையே இல்லாத கடைத்தொட்டியில் மூன்று வாரமாக இருக்கும் மீனைவிட, இறக்குமதியாகி நான்கைந்து நாளான மீன் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். கடையில் சில வாரம் இருந்த மீனையே வாங்குங்கள் என்று மற்ற மீன்களுக்கு நாம் சொல்லும் விதி இங்கே தலைகீழாகிறது.

முதல் முதுகுத்துடுப்பின் முன்முள் கொடி போல நீண்டிருந்தால் ஆண், குட்டையாக இருந்தால் பெண். ஒரே தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் ஒன்று இறக்கும்வரை சண்டை நடக்கும். முதன்முறை வளர்ப்பவர் ஒற்றை மீனோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஏழாம் படி: கொண்டுவந்து பழக்குதல்

கடைத்தொட்டியின் ஒப்படர்த்தியைக் கேட்டு எழுதிவரவும். பல கடைகளில் 1.018 அல்லது 1.020 தான் இருக்கும். வீட்டில் 40 முதல் 60 லிட்டர் கொள்ளும் கண்காணிப்புத் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்திருந்து, பை வந்ததும் வெப்பநிலையைச் சமன்செய்து, அரைமணி நேரத்துக்குள் மீனைக் குவளையால் எடுத்து மாற்றிவிடலாம். பையின் நீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். நீண்ட பயணம் செய்த பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். தாழ்ந்திருப்பதால் அம்மோனியாவின் நச்சு அடங்கியிருக்கும்; பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டு நீர் விட்டால் பி.எச். ஏறி அந்த நச்சு விழித்துக்கொள்ளும். ஒப்படர்த்தியை 1.025-க்கு உயர்த்துவதைக் கண்காணிப்புத் தொட்டியில் சில நாள்களில் மெதுவாகச் செய்துகொள்ளலாம்.

கண்காணிப்புத் தொட்டி என்றால் வெறும் கண்ணாடிப் பெட்டி என்று கொள்ளக் கூடாது. கோப்பிபாட் நிறைந்த பாறைத் துண்டுகளும் பஞ்சு வடிகட்டியும் அதில் இருக்க வேண்டும். கண்காணிப்பு நடக்கும் மூன்று நான்கு வாரங்களும் வளர்ப்பு வாளியின் அறுவடை முழுவதும் இங்கேயே போக வேண்டும். தாமிர மருந்தை முன்னெச்சரிக்கையாக ஊற்றும் பழக்கம் இந்த மீனுக்கு ஆகாது. இரவில் அது நிறம் வெளிறி, சளிப்போர்வையோடு அசையாமல் கிடப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது உறக்கம்.

எட்டாம் படி: உறைந்த உணவுக்குப் பழக்குதல்

கோப்பிபாட் மட்டுமே போதும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் வளர்ப்பு வாளி மடிந்த வாரத்திலும் மீன் தப்பிக்க வேண்டுமென்றால், கைத்தீனி தின்ன அதைப் பழக்க வேண்டும். அதற்கு ஏற்ற இடம், போட்டியில்லாத கண்காணிப்புத் தொட்டிதான்.

உயிருள்ள ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளில் தொடங்கவும். லிட்டருக்கு 25 கிராம் உப்பு சேர்த்த நீரில், 28 டிகிரி வெப்பத்தில், வெளிச்சமும் வேகமான காற்றோட்டமும் கொடுத்தால் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஓடுகளை நீக்கி, நன்னீரில் அலசிய பிறகே கொடுக்க வேண்டும். பொரிந்த சில மணிநேரத்தில் அவற்றின் மஞ்சள்கரு தீர்ந்து சத்துக் குறையும். அடுத்த நிலைக்கு வளர்ந்ததும் வாய் திறந்து தின்னத் தொடங்கும் என்பதால், அப்போது சில மணிநேரம் நுண்பாசியிலோ கொழுப்பு அமிலக் கரைசலிலோ விட்டு ஊட்டமேற்றிக் கொடுக்கவும். ஊட்டமேற்றாத ஆர்ட்டீமியாவை மட்டும் தின்று வயிறு நிறைந்த மாண்டரினும் மெலியும்.

ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியைப் பக்கவாட்டில் சாய்த்து மணலில் வைத்து, பம்பை நிறுத்திவிட்டு, நீண்ட பிப்பெட்டால் குஞ்சுகளை அதற்குள் விடவும். மூன்று நான்கு நாள்களில் மீன் அந்த இடத்தை உணவிடமாக அறிந்துகொள்ளும். அதன் பிறகு உயிருள்ளவற்றோடு உறைந்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைச் சிறிது கலக்கவும். நாளுக்கு நாள் கலப்பின் விகிதத்தைக் கூட்டவும். அடுத்து உறைந்த கலானஸ் என்னும் பெரிய கோப்பிபாட், மீன் முட்டைகள், பொடியாக நறுக்கிய மைசிஸ் என்னும் சிறு இறால்போன்ற உயிர் என்று முன்னேறலாம். மீன் முட்டையின் உருண்டை வடிவத்தைப் பல மாண்டரின்கள் எளிதில் ஏற்கின்றன. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்; ஒரே வேளையில் அள்ளிப் போட்டால் நீர்தான் கெடும். சில மீன்கள் ஒரு வாரத்தில் பழகிவிடும், சில மூன்று மாதமானாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பிந்தையதைக் கட்டாயப்படுத்த வழியில்லை. அந்த மீனுக்குக் கோப்பிபாட்தான் வாழ்நாள் உணவு என்று ஏற்றுக்கொண்டு வளர்ப்பு வாளியை இன்னொன்று கூட்டவும்.

முதன்மைத் தொட்டிக்கு மாற்றியபின் அதே குப்பியை அங்கேயும் வைக்க வேண்டும். மற்ற மீன்கள் நுழைய முடியாதபடி வாய் குறுகலாக இருக்கட்டும். முதலில் மற்ற மீன்களுக்குத் தொட்டியின் மறுபக்கத்தில் தீனி போட்டு, அவை அங்கே ஓடியதும் குப்பியை நிரப்புவது நல்ல உத்தி.

தொடர்ந்து பார்க்க வேண்டியவை

வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில், முன்னிருந்தும் மேலிருந்தும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதைப் போலப் பயன்தரும் கருவி வேறில்லை. மெலிவு மெதுவாக நடப்பதால் தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. நான்கு வாரப் படங்களை அருகருகே வைத்தால் உடனே தெரியும். வயிறு தட்டையாவது முதல் அறிகுறி. அந்த நிலையிலேயே கண்காணிப்புத் தொட்டிக்கு மாற்றி உயிர் இரையால் தேற்றிவிடலாம். தலைக்குப் பின்னால் பள்ளம் விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இரவில் டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்ப்பதையும் மாதம் இருமுறை தொடரவும். மீன் மெலிவதற்கு முன்பே புள்ளிகள் குறையும்.

வெண்புள்ளி நோய் இந்த மீனுக்கு அரிது, வராது என்பதில்லை. வந்தால் தாமிரத்துக்குப் பதிலாக, 72 மணிநேரத்துக்கு ஒருமுறை உலர்ந்த கருவிகளோடு புதிய நீருள்ள வேறு தொட்டிக்கு மாற்றும் முறையை நான்கு முறை செய்யவும். மீனிலிருந்து விழும் ஒட்டுண்ணிகள் பழைய தொட்டியிலேயே விடப்பட்டுவிடும். அந்தப் பன்னிரண்டு நாள்களும் ஒவ்வொரு தொட்டியிலும் உயிர் இரை இருக்க வேண்டும். முதன்மைத் தொட்டியில் உள்ள மற்ற மீன்களுக்கும் சிகிச்சை அளித்து, அதைப் பத்துப் பதினொரு வாரங்கள் மீனின்றி விட வேண்டும். அந்த இடைவெளியில் கோப்பிபாட்டுகள் தாமாகவே பெருகிக்கொள்ளும்.

இணை சேர்த்தல்

ஓராண்டு ஒற்றை மீனை நல்ல உடலோடு வைத்திருந்தவர் ஒரு பெண் மீனைச் சேர்த்துப் பார்க்கலாம். இரையின் தேவை இருமடங்காகும் என்பதால் 300 லிட்டருக்குக் குறைவான தொட்டியில் வேண்டாம். நன்றாக உண்ட இணை, விளக்கு அணையும் நேரத்தில் அருகருகே ஒட்டிக்கொண்டு மெல்ல மேலெழுந்து, நீர்ப்பரப்புக்கு அருகில் முட்டைகளை விட்டுவிட்டுச் சட்டென்று பிரிந்து கீழே பாயும். இதற்குத் தொட்டியின் உயரம் 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. விளக்குகள் ஒரேயடியாக அணையாமல் அரைமணி நேரம் மங்கிக்கொண்டே போகுமாறு அமைத்தால் இந்தக் காட்சியைக் காணும் வாய்ப்பு கூடும். மிதக்கும் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பெற்றோர் காவல் எதுவும் இல்லை. குஞ்சுகளை வளர்க்க, மிகச் சிறிய நாப்ளியஸ்களைத் தரும் மிதவைக் கோப்பிபாட் இனங்களின் தனி வளர்ப்பு வேண்டும். அது வேறொரு வழிகாட்டிக்குரிய பொருள்.

ஊருக்குப் போகும்போது

உறைந்த உணவைக் கொடுக்கப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிப் போனால், அவர்கள் அன்பின் மிகுதியால் நீரைக் கெடுத்துவிடும் வாய்ப்பே அதிகம். பத்து நாள் வரையிலான பயணத்துக்கு, புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே வாளிகளில் அறுவடையை நிறுத்திச் சேமித்து, புறப்படும் இரவில் பாதியைத் தொட்டியிலும் பாதியை ரெஃப்யூஜியத்திலும் விட்டுவிடுவது போதுமானது. பார்த்துக்கொள்பவரிடம் நன்னீர் நிரப்பியையும் சில்லரின் வெப்பநிலை எண்ணையும் மட்டும் பார்க்கச் சொல்லவும். மற்ற மீன்களுக்கான தீனியை வேளைக்கொரு பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டால் அளவு மீறாது.